சிறைக்குள் விழுந்த செங்கோல்

2006-ஆம் ஆண்டு மே 15, திங்கட்கிழமை. பிரேசில் நாட்டின் மிகப் பெரிய நகரமான சாவ் பாவுலோ பட்டப்பகலிலேயே கதவடைக்கத் தொடங்கியது. பேருந்துகள் பல பணிமனையை விட்டு வெளிவரவே இல்லை. பள்ளிகள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பின. கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. தொலைபேசி இணைப்புகள் நெரிசலில் திணறின. ஒரே நேரத்தில் வீடு திரும்ப முற்பட்ட பல இலட்சம் பேரால் சாலைகள் அசைவற்று நின்றன. வண்டி கிடைக்காதவர்கள் நடந்தே சென்றார்கள். பொழுது சாய்ந்தபோது, வங்கிகளும் வணிக மாளிகைகளும் நிறைந்த பாவ்லிஸ்தா பெருஞ்சாலை ஆளரவமற்றுக் கிடந்தது. அரசு பிறப்பிக்காத ஊரடங்கு ஒன்றை ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் தாமாகவே கைக்கொண்டார்கள். அவர்களை அடக்கிய அச்சத்தின் ஊற்றுக்கண் சிறைச்சாலைகளுக்குள் இருந்தது.

மூன்று நாள்களுக்கு முன், வெள்ளிக்கிழமை இரவில் அது தொடங்கியிருந்தது. காவல் நிலையங்களும் சுற்றுக்காவல் ஊர்திகளும் சுடப்பட்டன. பணி முடித்துச் சீருடை களைந்திருந்த காவலர்களையும் சிறைப் பணியாளர்களையும் தேடிச் சென்று கொன்றார்கள். தீயணைப்பு வீரரும் தப்பவில்லை. பேருந்துகள் கொளுத்தப்பட்டன. அதே வேளையில் மாநிலத்தின் எழுபதுக்கும் மேற்பட்ட சிறைகளில் கைதிகள் கிளர்ந்தெழுந்து சிறைக் காவலர்களைப் பணயமாகப் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அன்னையர் நாள். அந்நாளில் பெருங்கலகம் ஒன்று திட்டமிடப்படுவதாக அறிந்த அதிகாரிகள், அதை முன்கூட்டியே முறியடிக்க எண்ணி, வியாழக்கிழமையன்று 765 கைதிகளைத் தலைநகரிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரெசிடென்ட்டே வென்செஸ்லாவ் சிறையில் ஒன்றுசேர்த்திருந்தார்கள். நெருப்பை அணைக்கப் போனவர்கள் எரிகொள்ளிகளை ஓரிடத்தில் குவித்தார்கள்.

அந்த ஒன்பது பத்து நாள்களில் மாநிலத்தில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானோர் 564 பேர் என்று ரியோ டி ஜெனிரோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகம் பின்னர் கணக்கிட்டது. அவர்களில் 59 பேர் அரசுப் பணியாளர்கள். 505 பேர் குடிமக்கள். இவ்விரு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் எண், சிறைக்குள் பிறந்த பி.சி.சி. என்ற குற்றக்குழு அரசின் மீது தொடுத்த போர். இரண்டாவது எண்ணில் பெரும்பகுதி, அதன்பின் நகரின் ஏழை விளிம்புகளில் நடந்த பழிதீர்ப்பு. முகமூடி அணிந்தவர்கள் இருசக்கர வண்டிகளிலும் மகிழுந்துகளிலும் வந்து, தெருமுனையில் நின்ற இளைஞர்களைச் சுட்டுவிட்டு மறைந்தார்கள். சான்டோஸ் துறைமுக நகரில் அவ்வாறு இறந்தவர்களில் ஒருவர் தெருக்கூட்டும் தொழிலாளி. அவருடைய தாய் டெபோரா மரியா டா சில்வா, தம்மைப் போலவே பிள்ளையைப் பறிகொடுத்த பெண்களைத் தேடித் தேடிச் சேர்த்து 'மே மாத அன்னையர்' என்ற இயக்கத்தைக் கட்டினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்தும், பெரும்பாலான வழக்குகள் தண்டனையின்றியே மூடப்பட்டுவிட்ட நிலையில், அவர்கள் நீதிமன்றப் படிகளில்தான் நிற்கிறார்கள்.

இந்த நகரத்தின் கதையை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. குற்றத்தைக் கண்டு கொதிக்கும் எந்தச் சமூகமும் முதலில் எழுப்பும் குரல், 'உள்ளே தள்ளு, கதவைப் பூட்டு, மற்றதைப் பற்றிக் கேட்காதே' என்பதுதான். சாவ் பாவுலோ அதைத்தான் செய்தது. உள்ளே தள்ளியது, பூட்டியது, கேளாதிருந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் அரசு கைவிட்ட செங்கோலை வேறொருவர் எடுத்துக்கொண்டார். நகரத்தின் பாதுகாப்பு சிறைச்சுவருக்கு வெளியே தொடங்குவதாக நினைப்பது பெரும்பிழை; அது சுவருக்கு உள்ளே தொடங்குகிறது. இதுவே நாம் சொல்ல வந்தது.

பிழையின் வேர் 1992-இல் இருக்கிறது. சாவ் பாவுலோவின் வட பகுதியில், மெட்ரோ நிலையம் ஒன்றின் அருகிலேயே, கராந்திரு என்ற பெருஞ்சிறை இருந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் அடைந்து கிடந்தார்கள். அக்டோபர் 2 அன்று ஒன்பதாம் கட்டடத்தில் கைதிகளுக்கிடையே எழுந்த சச்சரவு கலகமாயிற்று. இராணுவக் காவல்படை உள்ளே நுழைந்தது. சில மணி நேரத்தில் 111 கைதிகள் பிணமாயினர். காவலர் தரப்பில் ஓர் உயிரும் போகவில்லை. சரணடைந்தவர்கள் ஆடை களையப்பட்டு, இறந்தவர்களின் உடல்களைச் சுமக்கவைக்கப்பட்டார்கள். மறுநாள் நகராட்சித் தேர்தல். வாக்குப்பதிவு முடியும் வேளை வரை முழு எண்ணிக்கையை அரசு வெளியிடவில்லை.

அதன்பின் நடந்தவை அந்த நாளினும் கொடியவை. படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் உபிராத்தான் கிமராயிசுக்கு 2001-இல் 632 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 2002-இல் அவர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய வேட்பாளர் எண் 111 என்று முடிந்தது. 2006 பிப்ரவரியில் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. பின்னாளில் எழுபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டார்கள்; 2016-இல் மேல்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது; அது மீட்கப்பட்ட பின்னரும், 2022 இறுதியில் பதவிக்காலம் முடியும் தறுவாயில் குடியரசுத் தலைவர் பொல்சொனாரோ அவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். சிறைக்குள் கிடப்பவன் உயிருக்கு விலையில்லை என்பதை அரசு இதைவிடத் தெளிவாக அறிவித்திருக்க முடியாது. அந்த அறிவிப்பை மற்றவர்கள் கேட்டார்களோ இல்லையோ, கைதிகள் கேட்டார்கள்.

1993 ஆகஸ்ட் 31. கராந்திரு படுகொலைக்கு ஓராண்டு நிறையுமுன், தவுபாத்தே நகரிலுள்ள கொடுஞ்சிறையில், கால்பந்தாட்டம் ஒன்றின்போது கைதிகள் சிலர் கூடி ஒரு சங்கத்தை நிறுவினார்கள். 'தலைநகரின் முதற் படைத்தலைமை' என்று பொருள்படும் அதன் போர்த்துகீசியப் பெயரின் சுருக்கமே பி.சி.சி. அமைதி, நீதி, விடுதலை என்பன அதன் முழக்கங்கள். அதன் விதிமுறை ஏடு கராந்திருவில் மாண்ட 111 பேரை நினைவுகூர்ந்தது; அது இனியொருமுறை நிகழவிடோம் என்று உறுதி கூறியது. கொலையும் கொள்ளையும் செய்தவர்களின் வாயில் இச்சொற்கள் பொருந்துமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அரசின் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய சொற்கள் குற்றவாளிகளின் வாயிலிருந்து வரும்படி விட்டது யார் என்ற கேள்வி அதற்கும் முந்தியது.

பி.சி.சி. எப்படி ஆள்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். நெரிசல் மிக்க சிறைக்குள் புதிதாக நுழைபவனுக்கு அரசு தருவது பல நேரங்களில் வெறுந்தரைதான். சோப்பு, பற்பசை, மாற்றுத்துணி, வயிறு நிறையும் உணவு அனைத்தும் குடும்பம் சுமந்துவரும் மூட்டையில்தான் வர வேண்டும். குடும்பமில்லாதவனுக்கு யார் தருவார்? சங்கம் தந்தது. சிறைகள் மாநிலத்தின் மேற்குக் கோடிக்குத் தள்ளப்பட்டபோது, மனைவிமாரும் தாய்மாரும் இரவெல்லாம் பயணம் செய்ய வேண்டியிருந்தது. அதற்குப் பேருந்து யார் ஏற்பாடு செய்வார்? சங்கம் செய்தது. உள்ளே வன்புணர்ச்சியைத் தடுத்தது. கைதியைக் கைதி தன்னிச்சையாகக் கொல்வதைத் தடுத்தது. கிராக் என்னும் கொடிய போதைப்பொருளைச் சிறைக்கூடங்களிலிருந்து விலக்கியது. இவை ஒவ்வொன்றும் அரசின் கடமை.

கைம்மாறாகச் சங்கம் கேட்டது கீழ்ப்படிதல். சடங்குமுறையில் 'திருமுழுக்கு' பெற்றுச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் 'உடன்பிறந்தான்' என்று அழைக்கிறார்கள். வெளியே இருக்கும் உறுப்பினர் மாதந்தோறும் செலுத்திவந்த சந்தாவுக்கு 'வெங்காயம்' என்று பெயர். 'சல்வே' என்னும் சுற்றறிக்கை சிறையிலிருந்து சிறைக்கும் தெருவிலிருந்து தெருவுக்கும் செல்கிறது. வழக்கறிஞர்களைக் கவனிக்க ஒரு பிரிவு, பணத்தைக் கவனிக்க ஒரு பிரிவு. வரி, சட்டம், நீதி, தண்டனை: ஓர் அரசுக்குரிய உறுப்புகள் ஏறத்தாழ யாவும் அதற்கு உண்டு.

ஆள்வோர் முதலில் மறுத்தார்கள். அப்படியொரு குழுவே இல்லை என்றார்கள். பிறகு அதன் தலைவர்களைச் சிதறடிக்கப் பிற மாநிலச் சிறைகளுக்கு அனுப்பினார்கள். போன இடமெல்லாம் அவர்கள் விதை தூவினார்கள். 2001 பிப்ரவரி 18, ஞாயிறு, உறவினர் பார்வை நாள். 29 சிறைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. உள்ளே கடத்தப்பட்ட கைபேசிகளே கட்டளைக் கம்பிகளாயின. அதன்பிறகுதான் நாடு அப்பெயரை உரக்கச் சொன்னது. கடுந்தனிமைச் சிறைமுறை வகுக்கப்பட்டு, 2003-இல் நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. அதே ஆண்டு மார்ச்சில், பிரெசிடென்ட்டே புருதென்ட்டே நகரில் சிறைக்கைதிகளின் வழக்குகளைக் கவனித்த நீதிபதி அந்தோனியோ ஜொசே மச்சாதோ டியாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கடுமை மட்டும் போதாது என்பதற்கு 2006 மே மாதமே சான்று. வெடிப்புக்கு முன்பு, நாடாளுமன்றக் குழு ஒன்றின் மறைவான அமர்வில் காவல்துறை உயரதிகாரிகள் அளித்த வாக்குமூலத்தின் ஒலிப்பதிவை, ஒலிக்கருவி இயக்கிய பணியாளர் ஒருவர் சங்கத்தின் வழக்கறிஞர்களுக்கு விற்றார். விலை 200 ரெயால். ஒரு மாநிலத்தின் அமைதி அத்தனை மலிவாக விலைபோயிற்று. சங்கத் தலைவர் மார்கோலாவின் உறவினர் ஒருவரை 2005-இல் காவலர்களே கடத்திப் பணம் பறித்ததையும், இத்தகைய பணப்பறிப்புகள் 2006-இன் வெடிப்புக்கு வித்திட்டதையும், ஹார்வர்டு சட்டக்கல்லூரியின் மனித உரிமைப் பிரிவும் பிரேசிலின் ஜுஸ்திசா குளோபல் அமைப்பும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு விரித்துரைத்தது. நகரம் எரிந்துகொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அரசு அனுமதியுடன் ஒரு விமானம் மார்கோலா அடைபட்டிருந்த பிரெசிடென்ட்டே பெர்னார்டெஸ் சிறையை நோக்கிப் பறந்தது. பேரம் எதுவும் நடக்கவில்லை என்று அரசு சொன்னது. அதன்பின் தாக்குதல்கள் தணிந்தன என்பதை மட்டும் மக்கள் கண்டார்கள். காவலன் பறிப்பவனாகவும் கள்வன் தணிப்பவனாகவும் தோன்றுமிடத்தில், எளியவன் யாரிடம் முறையிடுவான்?

பிறகு அமைதி வந்தது. சாவ் பாவுலோ மாநிலத்தில் 1999-இல் இலட்சம் பேருக்கு 35 ஆக இருந்த கொலை விகிதம், இருபது ஆண்டுகளில் ஏழுக்கும் கீழே இறங்கியது. இதன் காரணம் குறித்து அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். காவல்துறைச் சீர்திருத்தம், 2003-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், இளைஞர் தொகை குறைந்தது ஆகியவற்றைச் சிலர் சுட்டுகிறார்கள். விளிம்புப் பகுதிகளில் பல்லாண்டு களப்பணி செய்த கேப்ரியேல் பெல்த்ரான் போன்றோர், பி.சி.சி. தன் எல்லைக்குள் பழிக்கொலைகளைத் தடைசெய்ததையும் தவறாமல் எண்ணச் சொல்கிறார்கள். அங்கே கொலை செய்ய விரும்புகிறவன் 'வாதம்' எனப்படும் விசாரணையில் தன் வழக்கைச் சொல்ல வேண்டும்; தீர்ப்பு சிறையிலிருந்து கைபேசி வழியாகவும் வரும். அவ்விசாரணை உயிரைக் காப்பதுண்டு, எடுப்பதும் உண்டு.

உயிர்கள் காக்கப்பட்டதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆயினும் கொடுத்தவன் நினைத்தபோது திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய அமைதி கடன் வாங்கிய அமைதி. அக்கடனுக்கு வட்டி உண்டு. 2017 தொடக்கத்தில், பி.சி.சி.க்கும் போட்டிக் குழுக்களுக்கும் மூண்ட போரில் மனாவுஸ் சிறையில் 56 பேரும், அடுத்த சில நாள்களில் ரொரைமா மாநிலச் சிறையில் 33 பேரும் கொல்லப்பட்டார்கள்; பலர் வெட்டிச் சிதைக்கப்பட்டார்கள். சான்டோஸ் துறைமுகம் ஐரோப்பாவுக்குக் கொக்கெய்ன் செல்லும் பெருவாயிலாயிற்று. 2024 ஏப்ரலில், சாவ் பாவுலோ நகரப் பேருந்துகளை இயக்கிய இரு நிறுவனங்கள் வழியாகச் சங்கத்தின் கறுப்புப் பணம் வெளுக்கப்பட்டதாக அரசு வழக்குரைஞர்கள் குற்றஞ்சாட்டினார்கள். 2006-இல் பேருந்தைக் கொளுத்தியவர்கள், பதினெட்டு ஆண்டுகளில் பேருந்து நிறுவனத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள் என்பதே அக்குற்றச்சாட்டின் சாரம். தெருவில் தீ எரியவில்லை என்பதால் ஆபத்து நீங்கிவிட்டதாக யாரும் நிம்மதி கொள்ளலாகாது.

'கைதிக்கு இரக்கம் காட்டினால் குற்றம் பெருகும். இன்னும் பலரை உள்ளே தள்ளுவதே வழி' என்பார் உண்டு. காவலரைப் பறிகொடுத்த குடும்பங்களின் சினமும், கடையைப் பூட்டிவிட்டு ஓடிய வணிகரின் அச்சமும் அதில் ஒலிக்கின்றன. அக்குரலை நாம் இகழவில்லை. ஆனால் அதைச் செய்து பார்த்த நாடல்லவா பிரேசில்? 1990-இல் அங்கே கைதிகள் ஏறத்தாழ 90,000 பேர். இன்று அதைப்போல் ஏழெட்டு மடங்கு. அவர்களில் பெருந்தொகையினர் இன்னும் தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள். சிறு அளவு போதைப்பொருளுடன் பிடிபட்ட பதினெட்டு வயது இளைஞனைச் சங்கத்தின் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவது அரசின் வண்டியே. சங்கத்துக்கு ஆள் சேர்க்க இதனினும் சிறந்த ஏற்பாடு உண்டோ? 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே, சிறைகளின் நிலை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது.

மாற்றுவழி எங்கோ தொலைவில் இல்லை. பி.சி.சி. பிறந்த தவுபாத்தே பாராய்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அதே பள்ளத்தாக்கில், ஒரு மணி நேரப் பயணத்துக்குள், சாவ் ஜொசே தோஸ் காம்போஸ் நகரம். 1972-இல் மாரியோ ஒட்டோபோனி என்ற வழக்கறிஞர் அங்கே 'அப்பாக்' என்னும் சிறைமுறையைத் தொடங்கினார். அம்முறையில் நடக்கும் சிறைகளில் ஆயுதமேந்திய காவலர் இல்லை. கதவுகளின் சாவி கைதிகளிடமே இருக்கிறது. அவர்கள் எண்ணால் அழைக்கப்படுவதில்லை, பெயரால் அழைக்கப்படுகிறார்கள். உழைக்கிறார்கள், படிக்கிறார்கள், உறவினருடன் தொடர்பு அறாமல் இருக்கிறார்கள். மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் இம்முறை பரவி நிலைத்திருக்கிறது. ஒரே ஆற்றங்கரை இரண்டு விதைகளையும் தாங்கியது. எதற்கு நீர் வார்ப்பது என்பது ஆள்வோர் கையில் இருந்தது. எல்லாக் கைதிகளுக்கும் இம்முறை பொருந்தாது. கொடிய தலைவர்களைத் தனியே, கண்காணிப்பில் வைத்தே ஆக வேண்டும். ஆனால் முதல்முறை தவறியவனையும் தொழில்முறைக் கொலைஞனையும் ஒரே கூடத்தில் அடைப்பது கண்டிப்பு ஆகாது, மடமை.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. விசாரணையின்றிக் கிடப்போரின் வழக்குகளை விரைந்து முடிக்க வேண்டும். சிறையில் அடைத்தவனுக்கு உணவும் மருந்தும் சோப்பும் அரசே தர வேண்டும். அவன் உயிருக்கு அரசே பொறுப்பேற்க வேண்டும். சிறைக்குள் கைபேசி நுழையும் வழியையும் வெளியே பணம் பாயும் வழியையும் அடைக்க வேண்டும். காவலரைக் கொன்றவன் எப்படித் தண்டிக்கப்படுகிறானோ, அப்படியே குடிமகனைக் கொன்ற காவலனும் தண்டிக்கப்பட வேண்டும். இந்த இறுதிக் கடமை நிறைவேறாதவரை, முன்னவை யாவும் ஓட்டைப் பானையில் வார்த்த நீர். மே மாத அன்னையர் கேட்பது இதைத்தான்.

கராந்திரு சிறையின் பெரும்பகுதி 2002 முதல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்நிலத்தில் இன்று மரங்கள் அடர்ந்த 'இளைஞர் பூங்கா' இருக்கிறது. 2010-இல் பொதுநூலகம் ஒன்றும் திறக்கப்பட்டது. தமிழர்க்கு இக்காட்சி புதிதன்று. புகார் நகரின் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி மன்னனிடம் வரங்கேட்ட மணிமேகலையை நாம் அறிவோம். அதற்கெனவே அக்காப்பியம் ஒரு காதையை ஒதுக்கியது. மணிமேகலை சுவரை இடிக்கச் சொல்லவில்லை. அதே சுவருக்குள் அறம் வாழ இடம் கேட்டாள். சாவ் பாவுலோ சுவரை இடித்தது. ஆனால் அச்சுவருக்குள் நடந்த ஆட்சிமுறையை மாநிலமெங்கும் புதிது புதிதாய்க் கட்டிய சிறைகளுக்குக் கொண்டுபோயிற்று. அங்கே ஒருவன் இன்றிரவு வெறுந்தரையில் படுக்கப் போகிறான். அவனுக்குப் பாயும் சோப்பும் முதலில் நீட்டும் கை அரசின் கையாக இருக்கட்டும். நகரத்தின் காவல் அந்தக் கையிலிருந்தே தொடங்கும்.